ஜாலியன்வாலா பாக்: தோட்டமே இல்லாத இடத்தைப் பூங்காவாக்கியது யார்?

கரிசல்காடு

அமிர்தசரஸுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். 2009இல் ஒரு முறை, 2022 டிசம்பரில் ஒரு முறை. பொற்கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடைதான். முதல் முறை அந்தச் சந்துக்குள் கால் வைத்ததும் எங்கள் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வெறும் செங்கல் சுவர், மேலே ஒரு கீற்று வானம். 1919 ஏப்ரல் 13 அன்று, உள்ளே கூடியிருந்த மக்களைச் சுட, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டயர் தன் சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு போனது இந்தச் சந்து வழியாகத்தான். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுவரே சொன்னது.

2022இல் போனால் அதே சுவர் நிறையப் புடைப்புச் சிற்பங்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள், எல்லோரும் திருவிழாவுக்குப் போகிற மாதிரி. தரை வழவழவென்று இருக்கிறது. ஒரு பையன் சிற்பத்தின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். உள்ளே தாமரைக் குளம், இரவில் ஒலி ஒளிக் காட்சி.

பொதுப் பூங்காவாக இருந்த இடம் தேசிய நினைவிடம் ஆனது. 2021இல் புதுப்பிக்கிறோம் என்று அதைத் திரும்பவும் பூங்காவாக, அதுவும் பொழுதுபோக்குப் பூங்காவாக ஆக்கிவிட்டார்கள். ஏறக்குறைய 20 கோடி ரூபாய் செலவழித்து வரலாற்றை அழித்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

ஆலமரத்தடி வாத்தியார்

மாற்றுக் கருத்து அப்புறம். முதலில் ஒரு திருத்தம். அது எந்தக் காலத்திலும் பொதுப் பூங்காவாக இருந்ததில்லை தம்பி.

‘பாக்’ என்றால் தோட்டம். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம். ரஞ்சித் சிங் காலத்தில் ஒரு சர்தார் குடும்பத்தின் தோட்டமாக இருந்த இடம் என்பார்கள். 1919இல் அங்கே தோட்டம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. மேடும் பள்ளமுமான ஒரு பொட்டல். சுற்றிலும் வீடுகளின் பின்சுவர்கள். ஒரு கிணறு, ஒரு சமாதி, நாலைந்து மரம். குப்பை கொட்டுகிற இடமாகவும், ஆடு மாடு கட்டுகிற இடமாகவும் இருந்தது. தனியார் நிலம், அதிலும் முப்பதுக்கு மேற்பட்ட பங்குதாரர்கள். நகரத்துக்குள் கூட்டம் கூட வேறு பெரிய திடல் இல்லாததால் அங்கே கூடினார்கள்.

பூங்கா எப்போது வந்தது என்று கேட்டால், சுட்ட பிறகு வந்தது. நினைவிடம் ஆக்கினபோதுதான் அங்கே புல் வளர்ந்தது. நீங்கள் 2009இல் பார்த்த புல்வெளி, பூச்செடி, நடைபாதை எல்லாமே 1961இல் நினைவுத்தூண் திறப்புக்காகச் செய்தது. ‘பூங்கா நினைவிடமானது’ என்பதைத் திருப்பிப் போடுங்கள். நினைவிடம்தான் பூங்காவானது.

வெண்பனி

ஆகா, வாத்தியார் சார் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். அப்படியென்றால் கரிசல், நீங்கள் 2009இல் பார்த்து உருகியதும் ஒரு ‘புதுப்பித்தல்’தான். அதை ஏற்றுக்கொண்டவர் இதை மட்டும் ஏன் ஏற்கமாட்டேன் என்கிறீர்கள்?

நான் என் இரண்டு பிள்ளைகளையும் 2023இல் கூட்டிப்போனேன். பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவனுக்கு ஒன்பது. சந்தில் அந்தச் சிற்பங்களைப் பார்த்துச் சின்னவன் கேட்டான்: “இவங்க எல்லாம் எங்கம்மா போறாங்க?” நான் சொன்னேன். உள்ளே போன பிறகு அவனே கேட்டான்: “அந்தக் குட்டிப் பையனும் செத்துட்டானா?” வெறும் செங்கல் சுவரைப் பார்த்து ஒன்பது வயதுப் பையன் அதைக் கேட்டிருப்பானா?

காட்சிக்கூடங்களில், விசாரணையின்றிச் சிறை வைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்திலிருந்து தொடங்கி வரிசையாகச் சொல்கிறார்கள். எல்லாரும் வாசித்துவிட்டு வருகிறவர்கள் இல்லை. சிலருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கரிசல்காடு

வாத்தியார் சாரின் திருத்தத்தை ஏற்கிறேன். பூங்கா என்று நான் எழுதியது தப்புத்தான்.

ஆனால் வெண்பனி, 1961இல் செய்ததும் இதுவும் ஒன்றில்லை. அன்று நடுவில் ஒரு தூண் எழுப்பினார்கள். சுற்றி இருந்த சுவரைத் தொடவில்லை, சந்தைத் தொடவில்லை. புதிதாக ஒன்றைச் சேர்ப்பது வேறு, இருந்த ஒன்றின் மேல் பூசி மூடுவது வேறு.

உங்கள் மகனின் கேள்வி எனக்கும் பிடித்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. அந்தச் சிற்பத்தை நாலடி தள்ளி வெளியே வைத்திருந்தாலும் அவன் அதையேதான் கேட்டிருப்பான்.

நூலகப்பூனை

இரண்டு பேரும் இப்போதைக்குக் கொஞ்சம் மூச்சு விடுங்கள். அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பதைச் சொல்லாமல் யார் எதை அழித்தார்கள் என்று பேச முடியாது.

1919 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு அமிர்தசரஸிலேயே நடந்தது, மோதிலால் நேரு தலைமை. நிலத்தை வாங்கி நினைவிடம் அமைக்க வேண்டும் என்ற முடிவு அந்தச் சமயத்தில் எடுத்ததுதான். நாடு முழுக்க நிதி திரட்டினார்கள். காந்தி ஊர் ஊராக எழுதினார், பேசினார். பணம் சேராவிட்டால் ஆசிரமத்தை விற்றாவது கொடுப்பேன் என்று அவர் சொன்னதாக நினைவிட அறக்கட்டளையின் கதையில் எப்போதும் சொல்வார்கள். ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து 1920இல் அத்தனை பங்குதாரர்களிடமிருந்தும் வாங்கினார்கள். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள்! பொட்டல் நிலத்துக்கு!

அறக்கட்டளையின் செயலாளராக இருந்து பார்த்துக்கொண்டவர் சஷ்டி சரண் முகர்ஜி. வங்காளி, ஹோமியோபதி மருத்துவர். சுடப்பட்ட அன்று அந்தத் திடலில் இருந்து தப்பியவர். அவர் குடும்பம்தான் தலைமுறையாக அந்த இடத்தைக் கவனித்துவருகிறது.

ஆகவே சுதந்திரத்துக்கு முன்பு இருபத்தேழு வருடம் அது மக்கள் காசில் வாங்கிய நிலம். அரசாங்கத்து நிலம் கிடையாது. 1951இல்தான் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தேசிய நினைவிடம் ஆக்கியது. அந்தச் சட்டத்தில் ஒரு விஷயம் யாரும் கவனிப்பதில்லை. ‘கொல்லப்பட்டவர்கள்’ நினைவாக என்று மட்டும் இல்லை, ‘கொல்லப்பட்டவர்கள் அல்லது காயமுற்றவர்கள்’ நினைவாக என்று இருக்கிறது. தூணிலோ பலகையிலோ காயம்பட்டவர்களைத் தேடிப் பாருங்கள், கண்ணில் படவே மாட்டார்கள்.

செங்கல்சூளை

நான் கட்டடத் தொழிலில் இருப்பவன், பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன்.

வெண்பனி அம்மா சொல்வதில் பாதி சரி. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஆள் வருகிற இடம். சுவர் சிதையும், தரை தேயும், மழைத் தண்ணீர் தேங்கும். ‘அப்படியே விடுங்கள்’ என்றால் பத்து வருடத்தில் இடிந்து விழும். அப்படியே இருப்பதற்கும் வேலை செய்ய வேண்டும், செலவு செய்ய வேண்டும். குண்டு துளைத்த சுவரில் துளைகளைச் சுற்றி வெள்ளைக் கட்டம் போட்டிருக்கிறார்களே, அதுவும் தலையீடுதான். அது இல்லாவிட்டால் பாதிப்பேர் காரை உதிர்ந்த ஓட்டையைக் காட்டிக் குண்டு துளைத்தது என்பார்கள்.

கரிசல் சொல்வதில் எனக்கு முக்கியமாகப் படுவது சந்து மட்டும்தான். தாமரைக் குளம், விளக்கு இதெல்லாம் நாளைக்கே எடுத்துவிடலாம், வேண்டாம் என்று யாராவது நினைத்தால். சந்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க முடியாது.

அந்தச் சந்து வெறும் வழி கிடையாது. அதுதான் சாட்சி. டயர் இரண்டு கவச வண்டிகள் கொண்டுவந்தார், இயந்திரத் துப்பாக்கி பொருத்தியவை. சந்து குறுகல் என்பதால் வண்டி உள்ளே நுழையவில்லை, வெளியே நிறுத்திவிட்டு நடந்து போனார். பின்னால் அரசாங்கம் அமைத்த ஹண்டர் குழு விசாரணையில், குழு உறுப்பினர் சிமன்லால் செதல்வாட் நேராகக் கேட்டார்: வழி போதுமான அகலம் இருந்து வண்டிகள் உள்ளே வந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டிருப்பீர்களா? அநேகமாகச் சுட்டிருப்பேன் என்றார் டயர்.

அப்படியானால் அந்தச் சந்தின் அகலம்தான் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதே குறுகல்தான் மற்றவர்களை வெளியேற விடாமலும் அடைத்தது. ஒரே சுவர் இரண்டையும் செய்திருக்கிறது. அந்தச் சுவர்மேல் சிற்பம் பதித்தால் பார்க்கிறவன் கண் சிற்பத்தில் நிற்கும், அகலத்தில் நிற்காது. என் புகார் அவ்வளவுதான்.

வெண்பனி

செங்கல் அண்ணா, கவச வண்டி விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் சந்தோடு சேர்த்து நான் யோசித்ததில்லை. சரி, சந்து விஷயத்தில் நான் வாதாட மாட்டேன்.

ஆனால் உங்கள் தொழில்காரர்கள் எல்லோரும் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘உண்மையான சுவடு’ என்கிறீர்கள். 1919இன் பொட்டலை யாரும் வைத்திருக்கவில்லையே! புல் வளர்த்தாயிற்று, செடி நட்டாயிற்று. சிப்பாய்கள் துப்பாக்கி நீட்டுகிற மாதிரி புதர்களை வெட்டி வைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? பச்சைச் சிப்பாய்கள்! அது மட்டும் கண்ணியமா? அதற்கு யாராவது கூச்சல் போட்டார்களா?

கரிசல்காடு

பச்சைச் சிப்பாய்கள் எனக்கும் பிடிக்காதுதான். கூச்சல் போடாதது எங்கள் தப்பு. ஆனால் போன முறை சும்மா இருந்தாய், இப்போதும் இரு என்பது ஒரு வாதமா?

ஆலமரத்தடி வாத்தியார்

வெண்பனி கேட்டது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள் கரிசல். நானே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு பழைய கோபம் இருக்கிறது.

நடுவில் நிற்கிற தூணை வடிவமைத்தவர் பெஞ்சமின் போல்க், அமெரிக்கக் கட்டடக் கலைஞர். ‘சுதந்திரச் சுடர்’ என்று பெயர். 1961 ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார், நேருவும் இருந்தார். சிவப்புக் கல், நாலு பக்கம், நாலு மொழியில் எழுத்து. அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து மனநிலையைப் பாருங்கள். நாடு பிறந்து பதினாலு வருடம். சாவு நடந்த இடத்தில் ‘சுடர்’ வேண்டியிருந்தது. செத்தவர்கள் எல்லோரும் தியாகிகள் ஆக வேண்டியிருந்தது.

அன்றைக்கு அங்கே கூடியவர்களில் பலர் பைசாகித் திருநாளுக்கு ஊரிலிருந்து வந்தவர்கள். மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள், பொற்கோயிலுக்கு வந்துவிட்டு நிழலில் உட்கார்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு. கூட்டம் கூடக்கூடாது என்ற தடையே பலருக்குத் தெரியாது, காலையில் நகரத்தில் சில இடங்களில் மட்டும்தான் தமுக்கு அடித்து வாசித்தார்கள். உள்ளூர்த் தலைவர்கள் சத்யபாலையும் கிச்லூவையும் ஏப்ரல் 10 அன்று கைது செய்து தரம்சாலாவுக்குக் கொண்டுபோனதை எதிர்க்க வந்தவர்களும் இருந்தார்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். இந்த இரண்டாவது ஆட்களுக்கு ‘சுதந்திரச் சுடர்’ எப்படிப் பொருந்தும்? அவர்கள் எதற்கும் உயிர் கொடுக்க வரவில்லை. அவர்கள் உயிரைப் பிடுங்கினார்கள். இரண்டும் ஒன்றா?

1961லேயே தொடங்கிய நோய் இது. 2021இல் முற்றியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பொன்வண்டு

வாத்தியார் சார், இது ரொம்ப அநியாயம். அப்பாவிகளைத் தியாகி என்று சொன்னால் அவர்களுக்கு என்ன குறைந்துவிட்டது? அந்தச் சாவுதானே சுதந்திரப் போராட்டத்தின் போக்கையே மாற்றியது? தாகூர் 1919 மே மாதம் ‘சர்’ பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். காந்தி அடுத்த வருடம் ஒத்துழையாமை தொடங்கினார். உத்தம் சிங் 1940இல் லண்டனில், 1919இல் பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ’ட்வயரைச் சுட்டார், தூக்கில் தொங்கினார். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘சந்தைக்கு வந்தவன்’ என்றால் எப்படி?

ஆலமரத்தடி வாத்தியார்

குறையவில்லை பொன்வண்டு. மறைந்துவிட்டது. ‘தியாகி’ என்றால் முகம் போய்விடும். சந்தைக்கு வந்தவன் என்றால் அவனுக்கு ஒரு மாடு இருந்தது, வீட்டில் காத்திருந்த ஆள் இருந்தது. எனக்கு அவன் வேண்டும்.

நூலகப்பூனை

இதில் காந்தியும் கிட்டத்தட்ட வாத்தியார் பக்கம் என்பது ஒரு சுவாரஸ்யம். நிதி திரட்டியபோதே அவர் எழுதியது: இந்த நினைவிடம் பகையை வளர்ப்பதற்கு இல்லை. ரத்தம் கலந்த இடம் என்பதால் இந்து–முஸ்லிம் ஒற்றுமையின் அடையாளமாக அவர் அதைப் பார்த்தார். டயர்மேல் வஞ்சம் தீர்க்கிற மேடையாக அதைப் பார்க்கவில்லை.

உத்தம் சிங் சிலை நுழைவாயிலுக்கு வந்தது 2018இல். சிலை வைத்தது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் 1920இல் நிலம் வாங்கியவர் மனதில் இருந்ததும், 2018இல் வாசலில் நிற்கிறவரும் எதிரெதிர் திசை. ஒரே மைதானத்துக்குள் இரண்டையும் வைத்திருக்கிறோம். மோசம் என்று சொல்ல மாட்டேன், நாம் அப்படித்தான்.

பொன்வண்டு

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைக்கு என்ன சொல்கிறீர்கள்? கிணற்றில் 120 உடல் என்று பலகை சொல்கிறது. பழைய கல்வெட்டில் இரண்டாயிரம் பேரின் ரத்தம் என்று இருந்தது. அரசாங்கக் கணக்கு 379. நினைவிடத்தில் எதை எழுதுவது?

செங்கல்சூளை

இந்த இரண்டாயிரத்தைப் பற்றி ஒரு கூத்து உண்டு. 1997இல் எலிசபெத் ராணி வந்தபோது கூடவே வந்த அவர் கணவர் பிலிப் அந்தப் பலகையைப் பார்த்து, இது கொஞ்சம் மிகை, காயம்பட்டவர்களையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள் என்கிற தொனியில் ஏதோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பூனை சொன்ன சட்ட வாசகத்தை அவர் படித்திருப்பாரோ என்னவோ!

நூலகப்பூனை

பிலிப் எண்ணிக்கையில் தப்பு சொல்லவில்லை, ஆனால் அதைச் சொல்ல அவர் சரியான ஆள் இல்லை.

கணக்குக்கு வருகிறேன். ஹண்டர் குழு ஏற்றது 379. காயம் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். காந்தி, சி.ஆர். தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் இருந்த, காங்கிரஸ் தனியாக அமைத்த விசாரணைக் குழு ஆயிரத்துக்குப் பக்கம் என்றது. சுட்ட தோட்டா 1,650, இதை டயரே ஒப்புக்கொண்டார். பத்து நிமிடம். ஐம்பது துப்பாக்கி. ஓடுகிற கூட்டம் எங்கே நெருக்கமோ அங்கே பார்த்துச் சுடச் சொன்னதையும் அவர் மறுக்கவில்லை.

சாவுக் கணக்கு ஏன் நிற்கவில்லை என்றால், எண்ணுவதற்கே யாரையும் விடவில்லை. இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு. சுட்டுவிட்டுப் போனவர்கள் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. உறவினர்கள் இருட்டில் வந்து கிடைத்த உடலைத் தூக்கிப்போனார்கள். வெளியூரிலிருந்து வந்தவனை யார் தேடுவது? எண்ணிக்கையில் உள்ள அந்த ஓட்டையும் கொலையின் ஒரு பகுதிதான். என்னைக் கேட்டால் மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஏன் மூன்று என்பதையும் எழுதி வைக்கலாம். யாரும் செய்ய மாட்டார்கள்.

கரிசல்காடு

ஊரடங்கு என்றதும் ரத்தன் தேவி ஞாபகம் வந்தது. காங்கிரஸ் குழுவிடம் சாட்சி சொன்னவர். சாயங்காலம் போய்ப் பிணங்களுக்கு நடுவில் கணவர் உடலைக் கண்டுபிடித்தார். தூக்கிப்போக ஆள் கிடைக்கவில்லை. ஊரடங்கில் யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள். நாய்கள் வந்ததால் ஒரு மூங்கில் கழியைக் கையில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காயம்பட்டவர்கள் முனகிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பையன் தண்ணீர் கேட்டான், அந்த இடத்தில் தண்ணீர் இல்லை.

இப்போது சொல்லுங்கள். அந்த இரவை ஒலி ஒளிக் காட்சியாக எப்படிப் போடுவீர்கள்? அந்த ராத்திரியில் இருந்த ஒன்றே ஒன்று இருட்டு. நீங்கள் அங்கே முதலில் கொண்டுவந்து வைத்தது விளக்கு.

வெண்பனி

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

(ஆனால் ரத்தன் தேவி பற்றி நான் முதன்முதலில் கேட்டது அங்கே உள்ள காட்சிக்கூடத்தில்தான். இதையும் பதிவு செய்துவிடுகிறேன்.)

மட்டுறுத்துநர்

கட்சி அரசியலைப் பற்றி வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நினைவிடத்தின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசலாம், தலைவர்களைத் திட்ட வேண்டாம்.

பொன்வண்டு

நீக்கியதில் ஒன்று என்னுடையது. சரி, நிர்வாகமாகவே கேட்கிறேன். அறங்காவலர் குழுவில் காங்கிரஸ் தலைவர் ஒருவர் நிரந்தரமாக இருந்தாரே, அதை 2019இல் எடுத்தது சரிதானே? தேசிய நினைவிடத்தில் ஒரு கட்சிக்கு என்ன தனி உரிமை?

நூலகப்பூனை

கொள்கையாகக் கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். 1951 சட்டத்தில் நேரு, கிச்லூ, மௌலானா ஆசாத் மூவரும் ஆயுள்கால அறங்காவலர்கள், கூடவே காங்கிரஸ் தலைவர், பஞ்சாப் ஆளுநர், முதலமைச்சர். அன்று அதற்கு ஒரு காரணம் இருந்தது, நிலத்தை வாங்கியது அந்த இயக்கம். எழுபது வருடம் கழித்து அந்தக் காரணம் மெலிந்துவிட்டது. இப்போது மக்களவை எதிர்க்கட்சித் தலைவர், அப்படி ஒருவர் இல்லையென்றால் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர். இது மோசமில்லை.

அந்தத் திருத்தத்திலேயே இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் பேசவில்லை. அரசு நியமிக்கிற அறங்காவலரை ஐந்து வருடம் முடிவதற்கு முன்பே நீக்கலாம். குழுவின் தலைவர் பிரதமர். இப்படிப்பட்ட குழுவில் ‘சந்துச் சுவரைத் தொடாதீர்கள்’ என்று எழுந்து சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? எனக்குக் கட்சி முக்கியமில்லை. குழுவில் பழைய கட்டடம் தெரிந்த ஒருவர், வரலாறு தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருந்தால் பாதி வம்பு வந்திருக்காது.

இன்னொன்று, கட்சிக் கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்களுக்கு. 2021 ஆகஸ்ட் 28 அன்று பிரதமர் காணொளி வழியாகத் திறந்துவைத்தார். ராகுல் காந்தி இது தியாகிகளுக்கு அவமானம் என்றார். அதே காங்கிரஸின் பஞ்சாப் முதலமைச்சர் அமரீந்தர் சிங், நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கிம் வாக்னர், சமன் லால் போன்ற வரலாற்றாளர்கள் எதிர்த்தார்கள், அவர்களுக்கு ஓட்டு வேண்டியதில்லை.

செங்கல்சூளை

‘பூங்காவாக்குவது’ பற்றி ஒரு வார்த்தை. நினைவிடத்தில் புல் வளர்ப்பதே தப்பு என்று வாத்தியார் சார் சொல்கிறமாதிரி படுகிறது. எனக்கு அப்படியில்லை. ஹிரோஷிமாவில் அமைதிப் பூங்கா இருக்கிற இடம் குண்டு விழுவதற்கு முன் நெருக்கமான குடியிருப்பு, கடைத்தெரு. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே அதை மரமும் புல்லுமாக ஆக்கினார். ஆனால் ஆற்றங்கரையில் எலும்புக்கூடாக நிற்கிற அந்தக் குவிமாடக் கட்டடத்தைத் தொடவில்லை. விழாமல் முட்டுக்கொடுத்தார்கள், பிசின் செலுத்தினார்கள், அதோடு சரி. பூங்கா இருக்கலாம். பூங்காவுக்கு நடுவில் ஒன்றாவது கை படாமல் இருக்க வேண்டும்.

அதே போல் இன்னொரு ஊர், அலகாபாத். அது நிஜமான பொதுப் பூங்கா, ஆல்ஃபிரட் பூங்கா. 1931 பிப்ரவரி 27 அன்று சந்திரசேகர ஆசாத் அங்கே ஒரு மரத்தடியில் போலீஸோடு சண்டையிட்டுச் செத்தார். பிறகு பூங்காவுக்கே அவர் பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் காலையில் ஆட்கள் நடக்கிறார்கள், பிள்ளைகள் விளையாடுகிறார்கள். யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் அது பூங்காவாகவே இருந்தது, பூங்காவாகவே இருக்கிறது. கரிசல் முதல் பதிவில் எழுதிய வாக்கியம் அலகாபாத்துக்குத்தான் பொருந்தும்.

ஆலமரத்தடி வாத்தியார்

புல்லுக்கு நான் எதிரி இல்லை. ‘ஒன்றாவது’ என்றீர்களே, அதை ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கில் அந்த ஒன்று சந்து, உங்கள் கணக்கிலும் அதுதான்.

பொன்வண்டு தாகூரைச் சொன்னார், அதே மூச்சில் சொல்ல வேண்டிய இன்னொரு பெயரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். சேத்தூர் சங்கரன் நாயர். மலபார்க்காரர், ஆனால் வக்கீலாகவும் நீதிபதியாகவும் பேர் எடுத்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில். வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரே இந்தியர், பஞ்சாபில் நடந்ததற்காக 1919இல் ராஜினாமா செய்தார். பிறகு தன்னைக் குறைசொல்லி எழுதினார் என்று ஓ’ட்வயர் அவர்மேல் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924இல் தீர்ப்பு: நாயர் 500 பவுன் கட்ட வேண்டும். பன்னிரண்டு ஜூரிகளில் ஒரே ஒருவர்தான் மாறுபட்டார், அரசியல் அறிஞர் ஹரால்டு லாஸ்கி. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறேன் என்று ஓ’ட்வயர் சொன்னதற்கு நாயர் ஒத்துக்கொள்ளவில்லை, பணத்தைக் கட்டினார்.

டயருக்கு என்ன ஆனது தெரியுமா? பதவி போனது. ஆனால் பிரபுக்கள் சபை அவர் பக்கம் வாக்களித்தது. ஒரு பத்திரிகை 26,000 பவுன் நிதி திரட்டிக் கொடுத்தது. சுட்டவருக்கு 26,000 வரவு, சொன்னவருக்கு 500 செலவு. இந்த இரண்டு எண்ணை அந்தச் சந்தின் வாசலில் எழுதி வைத்தால் போதும், சிற்பம் எதற்கு?

வெண்பனி

சார், இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் உங்கள் பக்கமே வந்திருப்பேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். சந்துச் சுவரைத் தொடாமல் விட்டிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். காட்சிக்கூடத்தையும், வயதானவர்கள் நடக்க வசதியான பாதையையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் மாமியார் அங்கே தடுக்காமல் நடந்தார், அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

கரிசல்காடு

நடைபாதையில் எனக்குச் சண்டை இல்லை. மாமியாரை நான் இழுக்கவே இல்லை!

ஒன்று மட்டும். 2009இல் அந்தச் சந்துக்குள் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. மங்கலான படம், ஆள் யாரும் இல்லை, சுவர் மட்டும்தான். அன்றைக்கு ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நாளைக்குத் தேடி எடுத்து இங்கே போடுகிறேன். செங்கல் அண்ணா, அதில் செங்கல் வரிசையைப் பார்த்து அகலம் எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியுமா?

செங்கல்சூளை

இரண்டு பக்கச் சுவரும் தரையும் ஒரே படத்தில் விழுந்திருந்தால் கிட்டத்தட்டச் சொல்லலாம். போடுங்கள், பார்க்கிறேன்.